கோளாம்பி அண்ணனின் கல்யாண பிளேட்டு

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் கோளாம்பி அண்ணன் தாழ்ந்த குரலில் பேசிக் கேட்ட ஒரே மனிதன் நான். ஊரில் போய் இதைச் சொன்னால் இன்றைக்கும் ஒருவரும் நம்பமாட்டார்கள். மனைவி சாட்சி சொல்லுவாள் என்றால் அதற்கும் வழியில்லை. அவள் இரண்டடி தள்ளித்தான் நின்றாள், அவளுக்கே கேட்கவில்லை.

கல்யாண வீட்டுத் தென்னை மரத்தில் கட்டுகிற கூம்பு ஒலிபெருக்கியை எங்கள் பக்கத்தில் கோளாம்பி என்போம். அண்ணன் அந்தக் கோளாம்பிகளை வைத்துத் தொழில் செய்த மைக் செட்டுக்காரர். வருடக்கணக்காக அவற்றின் அடியில் நின்று கத்திக் கத்திப் பேசியதில் தொண்டையும் அதே அளவுக்கு விரிந்துவிட்டது. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். அவருடைய மகள் கல்யாணப் பத்திரிகையில் அதை அச்சடித்திருந்தார்கள். படித்துவிட்டு, "பெண்ணுக்க அப்பன் ஆரு? வெளியூர்க்காரனா?" என்று என்னிடம் விசாரித்தவர்கள் பலர்.

ஒருமுறை அமரவிளை பஸ் ஸ்டாப்பில் என் தோளில் கைபோட்டு ஒதுக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார். "எலே மக்கா, ஒருத்தன்கிட்டயும் மூச்சு விடப்பிடாது. நம்ம தையல்காரனுக்க மூத்தவளுக்கு ஒரு ஆலோசனை வந்திருக்கு" என்று என் காதில் ரகசியம் சொன்னார். சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்ற பஸ்ஸிலிருந்து கண்டக்டர் தலையை நீட்டி, "மாப்பிளைக்கு என்ன ஜோலி அண்ணா?" என்று கேட்டார். அண்ணனும் சளைக்காமல் அங்கிருந்தே பதில் சொன்னார். டெலிபோன் பூத் வைத்திருந்தவர் அவரிடம் மட்டும், "அண்ணன் என்னத்துக்கு உள்ள வாறீங்க? வாசல்ல நின்னு பேசினாலே நாகர்கோவில்ல கேக்குமே" என்பார்.

இனி அந்தக் கல்யாண பிளேட்டு. இசைத்தட்டு என்பதெல்லாம் புத்தகத்தில்தான், எங்களுக்கு அது பிளேட்டு. அண்ணனிடம் டிரங்குப் பெட்டிகள் நிறைய பிளேட்டுகள் உண்டு. கோயில் உற்சவத்துக்கு ஒரு பெட்டி, சபைக்காரர் என்று நாங்கள் சொல்கிற கிறிஸ்தவர் வீட்டு விசேஷத்துக்கு ஒரு பெட்டி, தமிழுக்கு ஒன்று, மலையாளத்துக்கு ஒன்று. எல்லா மதத்துக்கும் எல்லா பாஷைக்கும் பொதுவாக ஒரே ஒரு சின்ன பிளேட்டைத் துண்டில் சுற்றித் தனியே வைத்திருப்பார்.

அது ஏதோ ஒரு படத்தில் வந்த கல்யாணப் பாட்டு. அந்தப் படம் எங்கள் பக்கத்துத் தியேட்டருக்கு வந்ததும் யாருக்கும் தெரியாது, போனதும் தெரியாது. ரேடியோவிலும் போட்டுக் கேட்டதில்லை. ஆகவே அண்ணனின் பிளேட்டில் எப்படி இருந்ததோ அதுதான் எங்களுக்குப் பாட்டு. முதல் சரணத்தில் மாவிலை, மஞ்சள், மாலை எல்லாம் வரிசையாக வரும். இரண்டாம் சரணத்தில் பாடகி உருகி, "மணவறைப் பந்தலிலே மங்கல வி..." என்று இழுப்பார். அந்த இடத்தில் பிளேட்டில் ஒரு கீறல். ஊசி "டக்" என்று எகிறி நேராக வீணை வாசிக்கிற இடத்தில் போய் விழும். குதிப்பதை எங்கள் ஊரில் சாடுவது என்போம். பிளேட்டு சாடிவிட்டது என்றால் ஊருக்கே விஷயம் புரியும்.

என்ன விஷயம் என்றால், தாலி கட்டுகிற நேரம் அது. ஜோசியர் முகூர்த்தம் குறித்துக் கொடுப்பார், குறித்ததோடு அவர் வேலை முடிந்தது. அந்த முகூர்த்தத்துக்குள் பிளேட்டு எப்போது சாடுகிறதோ அப்போதுதான் கெட்டிமேளம். இந்த வழக்கம் எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை. வெளியூரிலிருந்து வந்த தவில்காரர் ஒருவர் விவரம் தெரியாமல் முதல் சரணத்திலேயே கெட்டிமேளத்தை ஆரம்பித்துவிட்டார். பெண்ணின் மாமன் பாய்ந்து போய்க் கம்பைப் பிடித்துக்கொண்டார். "நில்லும் ஓய்! பிளேட்டு இன்னும் சாடேல!"

சபைக்காரர் வீடுகளில் தாலி சர்ச்சுக்குள்ளேயே ஏறிவிடும். அங்கே சினிமாப் பாட்டுக்கு இடமில்லை. அதனால் மணமக்கள் வீட்டுக்கு வந்ததும் பந்தலில் பிளேட்டு ஓடும், சாடுகிற நேரம் பெண் வலது காலை எடுத்து வைக்கவேண்டும். அண்ணன் பிளேட்டைத் தாமதமாகப் போட்டதில், ஒரு பெண் பட்டுச் சேலையோடு ஒரு சரணம் முழுக்க ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

என் கல்யாணத்துக்கும் அந்த பிளேட்டுதான். மனைவி நாகர்கோவில்காரி. "டக்" என்ற சத்தத்தில் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினாள். அதற்குள் மேளம் முழங்கித் தாலி ஏறிவிட்டது. "உங்க ஊர்ல நல்லதா ஒரு ரெக்கார்டுகூடவா கிடைக்கல?" என்பதுதான் மனைவியான பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம்.

இந்தச் சாட்டம் எங்கள் நாக்கிலேயே ஊறிப்போயிருந்தது. மாவு ஆட்டும்போது பாடினாலும் "மங்கல வி, டக்" என்று பாடி வீணைக்குத் தாவுவார்கள். சபைத் தெருவில் புஷ்பலீலா என்று நல்ல குரலுள்ள ஒரு பள்ளிக்கூடப் பெண் இருந்தாள். நெய்யாற்றின்கரையில் நடந்த பாட்டுப் போட்டியில் இந்தப் பாட்டைத்தான் பாடினாள். பிசகில்லாமல் பாடி, உரிய இடத்தில் "டக்" என்று சொல்லி வீணை வாசிப்பையும் வாயாலேயே வாசித்து முடித்தாள். நடுவராக இருந்த அம்மா, "என்ன மோளே, விக்கலா? கொஞ்சம் வெள்ளம் குடிக்கறியா?" என்று கேட்டாராம். பரிசு வேறு யாருக்கோ போய்விட்டது. அண்ணன் அந்த நடுவரைப் பற்றி ஒரு வாரம் பேசினார், அதாவது ஊர் முழுக்க ஒரு வாரம் கேட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் தினமும் ரயிலேறித் திருவனந்தபுரத்து அலுவலகம் ஒன்றுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். அந்த ஜோரில் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டேன். எங்கள் தெருவுக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். மனைவி அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டாள். பார்க்க வந்தவர்கள் உறையைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்கு வெளியே ஜீப் வந்து நின்றது. ஜீப்பின் சத்தத்துக்கு மேலே அண்ணனின் சத்தம் கேட்டது.

"எலே மக்கா! உனக்க கம்ப்யூட்டருக்கு உள்ள பாட்டு போவுமாமே, உள்ளதா?"

"போகும் அண்ணா."

"எத்தற பாட்டு போவும்?"

"நிறையவே போகும்."

"அப்ப வழி விடு." ஜீப்பிலிருந்து டிரங்குப் பெட்டிகள் ஒவ்வொன்றாக இறங்கின.

உட்காரவைத்து விசாரித்தபோது விஷயம் கொஞ்சம் கவலைக்குரியதாகவே இருந்தது. அவருடைய ஒரே மகள் சிந்துவுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வெள்ளறடைக்காரர். அவர்கள் வீட்டில், கோளாம்பியெல்லாம் பழசாகிவிட்டது, நாங்களே ஆளுயரப் பெட்டி ஸ்பீக்கர் கொண்டுவருகிறோம் என்று சொன்னார்களாம். அதற்குச் சிந்துதான் பதில் சொல்லியிருக்கிறாள்.

"என்ன பறஞ்சா தெரியுமா மக்கா? 'ஊருல உள்ளவளுக்கெல்லாம் எனக்க அப்பன் பிளேட்டு சாட வச்சிருக்கு. எனக்குச் சாடாம நான் கழுத்த நீட்டமாட்டேன்'ன்னு மூஞ்சில அடிச்சதுபோலச் சொல்லீட்டா." சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை. அடுத்த நிமிடமே அது வாடியது. "பிளேயருக்க ஊசி முறிஞ்சு போச்சு. திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெரு முழுக்கத் தேடி ஒரு புது ஊசி கிடைச்சு. இனி வராதுன்னு சொல்லீட்டான். அதுவும் நடுவழியில முறிஞ்சா எனக்க மோளுக்க கல்யாணத்துல என்ன செய்யுகது? அதாக்கும், எல்லாத்தையும் உனக்க பெட்டியில போட்டு வச்சிரு."

"கேசட்டில் பதிந்து வைத்துக்கொள்ளலாமே" என்றேன்.

"ரிப்பன்லயா? ரிப்பன் பெண்ணுங்க தலையில கெட்டுகதுக்குள்ளதாக்கும்."

இப்படியாக எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் அண்ணனிடம் போய்ச் சேர்ந்தன. பிளேயரிலிருந்து ஒரு வயரைக் கம்ப்யூட்டரின் பின்னால் செருகினால் பாட்டு சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். அண்ணனால் இதைத் தாங்கவே முடியவில்லை. "சத்தம் இல்லாத பாட்டு எப்படி மக்கா உள்ள போவும்? வழியில நின்னுப்போவாதா?" என்று ஸ்பீக்கரை முழுசாகத் திருப்பிவைப்பார். மனைவி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சமைத்தாள். பக்கத்து வீட்டுக்காரர் யாருக்குக் கல்யாணம் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

பாட்டு ஓட ஓடத் திரையில் பச்சைக் கோடு ஏறி இறங்கிக்கொண்டே போகும். அதை முதலில் பார்த்தபோது அண்ணன் பயந்துவிட்டார். "இது ஆசுபத்திரியில நெஞ்சுக்கு எடுக்கியதுல்லா? பாட்டுக்கு என்ன கேடு?" அது பாட்டின் படம் என்று விளக்கியதும் பயம் தெளிந்து கர்வம் வந்துவிட்டது. மேளம் வருகிற இடத்தில் கோடு எகிறினால், தான் வளர்த்த காளை முட்டுவதைப் பார்ப்பதுபோல் திரும்பி என்னைப் பார்ப்பார்.

அடுத்த சங்கடம் பெயர் வைப்பதில் வந்தது. ஒவ்வொரு பாட்டையும் ஒரு பெயர் கொடுத்துத்தான் சேமிக்கவேண்டும். படத்தின் பெயரைக் கேட்டால் அண்ணனுக்குத் தெரியாது. பாடியவர் பெயரும் தெரியாது. ஆனால் அந்தப் பாட்டு ஓடியபோது எந்தக் கல்யாணத்தில் என்ன கலவரம் நடந்தது என்பது அத்தனையும் தெரியும். "இதுக்கு 'பாயசம் தீந்துபோச்சு'ன்னு எழுது. இது 'மழையில பந்தல் சாஞ்சது'. இது, நில்லு, ஆங், 'மாப்பிளைக்க செருப்பக் காணேல'." நானும் எழுதினேன். பிற்பாடு என் அலுவலக நண்பர் ஒருவர் வந்து அந்தக் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட்டு, நான் போலீஸ் இலாகாவுக்கு ஏதாவது பகுதிநேர வேலை செய்கிறேனா என்று கேட்டார்.

பாதிப் பெட்டி தாண்டுவதற்குள் கம்ப்யூட்டர் இடமில்லை என்று சொல்லிவிட்டது. அண்ணன் அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். "எனக்க டிரங்குப் பெட்டியில அடங்குனது இதுல அடங்கேலியா? இதையாக்கும் வல்ய காரியமா உறை தச்சுப் போட்டு வச்சிருக்கே!" மனைவிக்கு உறையைச் சொன்னதில் கோபம். கடைசியில் என்னுடைய அலுவலகச் சமாச்சாரங்களையெல்லாம் அழித்து, கல்யாண பிளேட்டுக்கு மட்டும் இடம் பண்ணிக்கொடுத்தேன்.

அன்றைக்கு அண்ணன் குளித்து, சந்தனம் வைத்துக்கொண்டு வந்திருந்தார். புது ஊசியை ஒருமுறை துடைத்துவிட்டார். துண்டைப் பிரித்து பிளேட்டை எடுத்து ஊதினார். எங்கள் வீட்டு மேஜை கனமான தேக்கு மேஜை, அசையாது. பாட்டு ஆரம்பித்தது. மாவிலை, மஞ்சள், மாலை எல்லாம் வந்தன. "மணவறைப் பந்தலிலே மங்கல வி..." அண்ணன் விரலைத் தூக்கினார், நானும் தூக்கினேன். அடுக்களையில் மனைவி கரண்டியைத் தூக்கியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

பிளேட்டு சாடவில்லை.

கல்யாண வீடுகளின் ஆடுகிற பெஞ்சும் தேய்ந்த ஊசியும் இல்லாததால், புது ஊசி கீறலைச் சட்டை செய்யாமல் தன் வழியில் நிதானமாகப் போனது. "...ளக்கணைந்து போனதம்மா" என்று பாடகி வாக்கியத்தை முடித்தார். பிறகு மாலை கருகியது. மேளம் ஓய்ந்தது. வாசலில் போட்ட கோலத்தை மழை கொண்டுபோனது. இத்தனை வருடமும் மங்கல விளக்கை யாரோ ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்றல்லவா நாங்கள் நினைத்திருந்தோம்!

மனைவி பஞ்சை எடுத்துவிட்டு, கரண்டியோடு வந்து நின்றாள். "இதென்ன இழவுப் பாட்டு? இதப் போட்டா எனக்குத் தாலி கட்டினீங்க?"

வீணை வாசித்து முடிந்ததும் அண்ணன் ஊசியைத் தூக்கினார். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். கதவையும் சாத்தினார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து குனிந்து பேசினார். பேசுவது அவர்தானா என்று நான் ஒருகணம் திரும்பிப் பார்த்தேன், அவ்வளவு சின்னக் குரல்.

"மக்கா, இத வெளிய விடப்பிடாது. பிளேட்டு வாங்கின புதுசு. கடைக்காரன் முதல் சரணம் மட்டும் போட்டுக் காட்டினான். கல்யாணப் பாட்டுன்னு நம்பி வாங்கீட்டு வந்தேன். அதியன்னூர்ல ஒரு கல்யாணம். பெண்ணுக்க அப்பன் செத்து வருஷம் திரும்பேல. மாப்பிளையும் பெண்ணும் மணவறையில இருக்கினும். நான் இதப் போட்டேன். விளக்கு அணஞ்சுதுன்னு வந்ததும் அந்தப் பிள்ள நிமிந்து பாத்தா மக்கா. ஆளுகளப் பாக்கேல. தென்னையில நான் கெட்டின கோளாம்பியப் பாத்தா."

துண்டை எடுத்து பிளேட்டைத் துடைத்தார்.

"எனக்குக் கை தானா போச்சு. ஊசியப் பிடிச்சு ஒரு தள்ளு. கர்ருன்னு பின்னால 'வி' வரைக்கும் கீறீட்டு, முன்னால சாடி வீணையில போய் விழுந்து. மேளக்காரன் அதுதான் சமயம்னு நெனச்சு அடிச்சான். தாலியும் ஏறிச்சு. மத்த பாதியக் கேக்கதுக்கு ஆருக்கு நேரம்? அடுத்த கல்யாணத்துல, 'அண்ணே, அதியன்னூர்ல சாடினதுபோல எங்களுக்கும் சாடணும்'னு கேட்டாங்க. நான் என்ன சொல்லுகது? செரின்னேன்."

"அந்தப் பெண் இப்போது எப்படி இருக்கிறாள்?"

"நல்லா இருக்கா. கெட்டினவனத் தினமும் ஏசுகா. ரோட்டுல போவும்போ கேக்கும், நல்ல சத்தம்" என்றார். அப்போது அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் மறக்கமாட்டேன். உரக்கச் சிரித்துப் பழகியவர்கள் சத்தமில்லாமல் சிரித்தால் மனசு என்னவோ செய்கிறது.

மனைவி இரண்டடி தள்ளி நின்று, "என்னவாம்? என்ன சொல்றார்?" என்று என்னைப் பிடுங்கினாள். அன்று மாலை நான் சொன்னதும் அடுக்களைக்குப் போய்க் கொஞ்ச நேரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அண்ணனுக்குப் போடும் காப்பியில் சர்க்கரை கூடிவிட்டது.

இப்போது நிலைமை இதுதான். பழைய ஊசி இல்லை. புது ஊசியில் பிளேட்டு சாடாது. சாடாவிட்டால் சிந்துவின் கல்யாணத்தில் விளக்கு அணையும். அதையும் நான்கு கோளாம்பிகள் ஊருக்கே சொல்லும். இன்னொரு தடவை கீறிவிட்டால் போகிறது என்று மனைவியின் தையல் ஊசியை எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் அதைப் பிளேட்டின் மேல் பிடித்தார். கீறாமலேயே கீழே வைத்துவிட்டார். "அன்னைக்கு அந்தப் பிள்ளைக்க மூஞ்சியப் பாத்து கை போச்சு. சும்மா இருந்து கீறுன்னா வரேல மக்கா. உனக்க பெட்டிய வச்சு ஏதாவது செய்யி."

பெட்டியில் அது பெரிய வேலை இல்லை. பச்சைக் கோட்டில் "வி"க்கும் வீணைக்கும் நடுவில் இருந்ததைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். அழித்தது எங்கே போகும் என்று கேட்டார். கம்ப்யூட்டருக்குள் ஒரு குப்பைத்தொட்டி உண்டு என்றேன். "அதையும் காலி பண்ணு. எந்தக் குப்பையும் முளைச்சு வரும்" என்று நின்றே செய்யவைத்தார்.

பாட்டைப் போட்டுப் பார்த்தோம். "மங்கல வி" முடிந்து வீணை வெண்ணெய்போல் வந்து சேர்ந்துகொண்டது. எனக்குப் பரம திருப்தி. அண்ணன் தலையை ஆட்டிவிட்டார்.

"வழுக்குது. வழுக்கப்பிடாது மக்கா, சாடணும். மேளக்காரனுக்கு எப்படித் தெரியும்?"

ஆகவே ஒரு "டக்" தேவைப்பட்டது. மேஜையில் ஒலிவாங்கியை வைத்து வீட்டிலிருந்த சாமான்களையெல்லாம் தட்டிப் பார்த்தோம். எவர்சில்வர் டம்ளர் கோயில் மணிபோல் கேட்டது. அரிவாள்மணையைத் தட்டினால் யாரையோ வெட்டுகிறாற்போல் இருந்தது. தேங்காய்ச் சிரட்டை கொஞ்சம் பக்கத்தில் வந்தது. "இல்ல, இது சிரட்டை. ஆருக்கும் தெரியும் இது சிரட்டைன்னு" என்று அண்ணன் ஒதுக்கினார். கடைசியில் பொறுமையிழந்து, எப்படித்தான் இருக்கவேண்டும் என்று எனக்குக் காட்டுவதற்காக நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒருமுறை சொடுக்கினார். "டக்." அது ஒலிவாங்கியில் பதிந்துவிட்டது. நான் அதையே வெட்டி அந்த இடத்தில் ஒட்டினேன். அச்சு அசல் பிளேட்டு சாடியது. இரண்டு பேரும் கேட்டோம், மறுபடியும் கேட்டோம். அண்ணன், "எனக்க மோளுக்கு நானேயாக்கும் சாடியது" என்று ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னார். நல்லவேளையாகத் தெருவில் போனவர்களுக்கு அர்த்தம் புரியவில்லை.

கல்யாணத்துக்கு என் கம்ப்யூட்டர் ஜீப்பில் மடியில் வைத்துக் கொண்டுபோகப்பட்டது. மணவறைக்கு இடதுபக்கம் ஒரு மேஜையில் வைத்தார்கள். யாரோ அதற்குச் சந்தனப் பொட்டு வைத்தார்கள், வேறு யாரோ திரையின் மேல் முல்லைப்பூ போட்டார்கள். வெள்ளறடைக்காரர்கள் தங்கள் பெட்டி ஸ்பீக்கரை மறந்து அதைச் சுற்றி நின்றார்கள். அண்ணன் கசவு வேஷ்டி கட்டி, கையில் மைக்கோடு, பெண்ணின் அப்பாவாகவும் மைக் செட்டுக்காரராகவும் ஒரேநேரத்தில் நடமாடினார்.

முகூர்த்தம் வந்தது. நான் பாட்டைத் தட்டினேன். நான்கு கோளாம்பிகளும் பாடின. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துக்கொண்டார். தவில்காரர் கம்பைத் தூக்கினார். இரண்டாம் சரணம் ஆரம்பித்து, "மணவறை..." என்றதும் பந்தலில் விளக்குகள் மங்கிப் பளிச்சிட்டன. ஜெனரேட்டர் ஒருமுறை இருமியது. கம்ப்யூட்டர் திரை கறுத்து, பிறகு நிதானமாக முதலிலிருந்து எழுத்துகளைக் காட்டி எழும்பத் தொடங்கியது. அது எழும்பி முடிப்பதற்குள் முகூர்த்தம் தாண்டிவிடும் என்று எனக்குத் தெரியும்.

பந்தலில் சத்தமே இல்லை. நான் அண்ணனைப் பார்த்தேன். மைக் கையில் இருக்கிறது. வாய் திறந்திருக்கிறது. ஒரு சத்தமும் வரவில்லை. அவருடைய வாழ்க்கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர் பேசாமல் நின்றது அந்த ஒரு முறைதான். சிந்து தலை நிமிர்ந்தாள். கோளாம்பியைப் பார்த்தாள். அப்போது அண்ணனின் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை.

அந்த நேரத்தில் சிந்துவுக்குப் பின்னால் தட்டை ஏந்தி நின்ற தோழி பாட ஆரம்பித்தாள். புஷ்பலீலா! அவளும் வளர்ந்து பெரியவளாகியிருந்தாள். விட்ட இடத்திலிருந்து எடுத்து, "மணவறைப் பந்தலிலே..." என்று பிசிறில்லாமல் பாடினாள். முன்வரிசைப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். பின்வரிசை சேர்ந்துகொண்டது. பந்தலுக்குப் பின்னால் சாம்பார் அண்டாவிலிருந்து சமையல்காரரின் கட்டைக் குரல் வந்து கலந்தது. வெள்ளறடைக்காரர்கள் மட்டும் இது என்ன ஊர் என்று விழித்தார்கள்.

"மங்கல வி..."

பந்தல் மொத்தமும் ஒரே நாக்காக "டக்" என்றது.

அதைப்போல ஒரு சாட்டத்தை எந்தப் பிளேட்டும் சாடியிருக்காது. மேளம் இடித்தது, தாலி ஏறியது, வீணையை ஆளுக்கொரு விதமாக வாயால் வாசித்தார்கள். நடுவர் அம்மா வந்திருந்தால் ஊருக்கே தண்ணீர் கொடுத்திருப்பார். அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தென்னையில் சாய்ந்து நின்றார். சற்றுப் பொறுத்து மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். குரல் திரும்பிவிட்டது. "மதி மதி! பாடினது போதும். எல்லாரும் பந்திக்கு வாங்க. புஷ்பலீலா மோளே, உனக்கு முதல் இலை. அந்த நெய்யாற்றின்கரைக்காரி வந்து பாக்கட்டு!" நான்கு கோளாம்பிகளில் அது போய்ச் சேர்ந்த தூரத்துக்கு, அந்த அம்மாவுக்கு நிச்சயம் கேட்டிருக்கும்.

அண்ணன் இப்போது இல்லை. அந்தக் கம்ப்யூட்டரும் இல்லை. அதற்குப் பிறகு வீட்டில் எத்தனையோ கம்ப்யூட்டர்கள் மாறிவிட்டன, ஒவ்வொரு தடவையும் அந்தப் பாட்டை மட்டும் மறக்காமல் புதியதற்கு மாற்றிவைத்துவிடுவேன். சென்ற மாதம் என் மகள் கைபேசியில் எங்கிருந்தோ முழுப் பாட்டையும் தேடிப் பிடித்துப் போட்டாள். "மங்கல வி" வந்ததும் மனைவி அடுக்களையிலிருந்தே, "அத நிறுத்து! நம்மகிட்ட உள்ளதப் போடு" என்றாள்.

போட்டோம். வீணை வருவதற்கு முன்னால் அண்ணன் நாக்கைச் சொடுக்கினார். இரண்டு பஞ்சாயத்துக்குக் கேட்ட அந்தத் தொண்டையிலிருந்து எங்கள் வீட்டில் மிச்சமிருப்பது அந்த ஒரு "டக்" மட்டும்தான். அது எங்களுக்குப் போதவில்லை. மறுபடியும் முதலிலிருந்து போட்டோம்.